மருத்துவ மாணவர்க்கு வேண்டும் கருவிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் தயங்கினேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்பும் பேரேடும் எழுதிக் காலம் கழிப்பவன் நான். புலவர்கள் நிற்கும் மேடையில் ஓர் எழுத்தர் ஏறி என்ன சொல்லிவிட முடியும்? இலக்கியம் பேசினால் பிழை வரும். அரசியல் பேசினால் வம்பு வரும். ஆகவே, பட்டு அறிந்த ஒன்றையே சொல்லத் துணிந்தேன். என் மகள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து இரண்டாண்டு ஆகிறது. அவளுக்குக் கருவிகள் வாங்கித் தந்ததில் நான் செய்த பிழைகளையும், அக்கருவியைக் கையாண்டதில் அவள் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன். நம் காலனியில் நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்தம் பெற்றோர்க்கு இது பயன்படுமானால் அதுவே எனக்குப் போதும்.

வடமாலபேட்டையில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு மருத்துவக் கல்வி எட்டாக்கனி அன்று. ஒருபுறம் திருப்பதி. அங்கே ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி 1960-இல் தொடங்கப் பெற்றது; மருத்துவ அறிவியல் நிறுவனமாகிய ‘சிம்ஸ்’ 1993-இல் தோன்றியது. மற்றொருபுறம் தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால் வேலூர். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, இன்று நாடறிந்த கல்லூரியாக நிற்கிறது. இடம் கிடைப்பதுதான் அரிது. இடம் கிடைத்த பின்போ, வேறொரு கவலை வீட்டுக்குள் நுழைகிறது. “என்னென்ன வாங்கவேண்டும்?” என்பதே அக்கவலை.

என் மகளுக்கு இடம் கிடைத்த செய்தி வந்த மூன்றாம் நாளே ஒரு பட்டியலும் வந்தது. மூத்த மாணவர் யாரோ எழுதி, கைபேசிக்குக் கைபேசி தாவி வந்த பட்டியல் அது. விலையுயர்ந்த டேப், அதற்கு எழுதுகோல், தனி விசைப்பலகை, மடிக்கணினி, புதிய கைபேசி, கைக்கடிகாரக் கணினி, அயல்நாட்டு ஸ்டெதாஸ்கோப், மூன்று செயலிகளுக்கு ஆண்டுக் கட்டணம் என்று அது நீண்டது. “இவையில்லாமல் வகுப்பில் பின்தங்கிவிடுவாளோ?” என்று என் மனையாள் கேட்டாள். அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. மறுவாரமே கூட்டுறவுக் கடனுக்கு விண்ணப்பித்தேன். எண்பதாயிரம் ரூபாய், முப்பத்தாறு தவணை. ஆழம் அறியாமல் காலை விட்டேன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

முதலாண்டில் நடந்தது என்ன? அவ்வாண்டின் பெரும்பாடங்கள் மூன்று: உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். இவற்றுக்கு உண்மையில் வேண்டியிருந்தவை வெள்ளை அங்கி இரண்டு, கையுறைகள், உடற்கூற்று அறைக்கான சிறு கத்தி, இடுக்கி அடங்கிய பெட்டி, செய்முறைக் குறிப்பேடுகள், பாட நூல்கள், படித்துப் பார்க்க எலும்புத் தொகுதி ஒன்று, ஸ்டெதாஸ்கோப் ஒன்று. இவ்வளவே. எலும்புத் தொகுதியை மூத்த மாணவியிடம் இரவலாகப் பெற்றாள். நூல்களிற் பாதி நூலகத்தில் இருந்தன. கைக்கடிகாரக் கணினி எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால், மணி பார்க்கப் பயன்பட்டது! நாடித் துடிப்பை எண்ணுவதற்கு வேண்டியது நொடிமுள் உள்ள கடிகாரம்; அஃது என் தந்தையார் விட்டுச்சென்ற பெட்டியிலேயே கிடந்தது.

ஸ்டெதாஸ்கோப்பின் கதையைச் சிறிது சொல்கிறேன்; பிள்ளைகள் கேட்கவேண்டிய கதை அது. 1816-ஆம் ஆண்டு, பாரிசு நகரம். லேனக் என்னும் மருத்துவர் ஓர் இளம் பெண்ணின் இதய ஒலியைக் கேட்கவேண்டியிருந்தது. அக்கால வழக்கப்படி மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பது அவருக்குத் தகாததாகப் பட்டது. காகிதத்தைக் குழலாகச் சுருட்டினார். ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே கேட்பதைவிடத் தெளிவாக ஒலி கேட்டது. பின்னர் மரக்குழல் செய்தார். மூன்றாண்டு கழித்து நூலும் எழுதினார். அன்பர்களே, மருத்துவர் கழுத்திலே இன்று தொங்கும் கருவி முதலில் வெறுங்காகிதம்! நோயாளியின் நாணத்தை மதித்த ஒரு மனத்திலிருந்து அது பிறந்தது. இந்தச் செய்தியைச் சற்றே நினைவில் வைத்திருங்கள்; இறுதியில் மீண்டும் இதற்கு வருவேன்.

கடையில் ஸ்டெதாஸ்கோப் சில நூறு ரூபாய் முதல் பல்லாயிரம் ரூபாய் வரை இருக்கிறது. முதலாண்டு மாணவிக்கு நடுத்தர விலையில், காதில் நன்றாகப் பொருந்துவதாக ஒன்று போதும். இதய நோயை நுணுகிக் கேட்கும் காலம் வரும்போது நல்லது வாங்கலாம். இரத்த அழுத்தம் பார்ப்பதும் இப்படியே. பொத்தானை அழுத்தினால் எண்ணைக் காட்டும் பொறி நம் வீடுகளிலேயே வந்துவிட்டது. ஆயினும், 1905-இல் கொரோட்கோவ் என்னும் உருசிய மருத்துவர் கண்ட முறைப்படி, கையிற் பட்டையைக் கட்டிக் காற்றேற்றி, மெல்ல இறக்கி, ஒலி எழும் இடத்தையும் அடங்கும் இடத்தையும் காதால் கேட்டே மாணவர் பழகவேண்டும். பொறி ஒருநாள் பொய் சொன்னால், அது பொய் என்று காதுதானே சொல்லவேண்டும்?

கையும் காதும் பழகுவதன் அருமையை நமக்குப் பாரிசு நகரம் வந்து சொல்லவேண்டியதில்லை. நம் பக்கத்துப் புத்தூரைப் பாருங்கள். ‘புத்தூர் கட்டு’ என்றால் தென்னாடு முழுதும் தெரியும். பச்சிலையும் முட்டை வெண்கருவும் மூங்கிற் பத்தையும் துணியும் கொண்டு நூறாண்டுக்கு மேலாக அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகின்றனர். முறிந்த இடத்தை விரலால் தடவிக் காணும் பழக்கம் அது. 1895-இல் இராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்த பின், விரல் ஊகித்ததைக் கண் காணும் வழி பிறந்தது. நான் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த வரவில்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த காயத்துக்கு மருத்துவமனைக்கே ஓடவேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் படம் எடுக்கும் மருத்துவரும் தொட்டுப் பார்த்த பிறகே எங்கே படம் எடுப்பது என்று எழுதுகிறார். விரல் முதலில், பொறி அதன் பின்.

இனிக் கணினிக்கு வருவோம். கணினியே வேண்டா என்று சொல்லும் பழமைவாதி அல்லன் நான். 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் தொடக்கப் பயிற்சியிலேயே கணினிப் பழக்கமும் சேர்க்கப்பட்டது. பாடக் குறிப்பும் அறிவிப்பும் கைபேசி வழியாகவே வருகின்றன. உடலின் உட்கூற்றைத் திருப்பித் திருப்பிக் காட்டும் முப்பரிமாணப் படங்கள், புத்தகத்தின் தட்டைப் படம் காட்டாததைக் காட்டுகின்றன. ஆயினும் அறையில் உடல் தானம் செய்த ஒரு பெருமகனாரின் உடலைத் தொட்டுக் கற்கும் பாடத்துக்கு அவை துணையே ஆகும்.

என் பட்டறிவில் சொல்கிறேன்: இருக்கும் கைபேசி நன்றாக இயங்கினால் அதுவே போதும். அதனோடு டேப் அல்லது மடிக்கணினி, இரண்டில் ஒன்று. குறிப்புகளைக் கையால் எழுதிப் படிக்கும் பிள்ளைக்கு எழுதுகோல் உள்ள டேப். கட்டுரையும் அட்டவணையும் தட்டச்சு செய்யும் பிள்ளைக்கு மடிக்கணினி. மடிக்கணினியாயின் 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. சேமிப்பும் பாடத்துக்குத் தாராளம். அதையும் கல்லூரி திறந்து இரண்டு மாதம் கழித்து வாங்குங்கள். தன் படிப்பு எப்படி நடக்கிறது என்று அப்போதுதான் பிள்ளைக்கே தெரியும். என் மகள் தாளில் எழுதினால்தான் மனத்தில் நிற்கிறது என்று கண்டுகொண்டாள். நான் கடன்பட்டு வாங்கிய டேப் பாதி நாள் உறையிலேயே உறங்கிற்று. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நான் தவணை கட்டினேன்.

அடுத்தது, சேமிப்பு. முதலாண்டுத் தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருக்கையில் அவள் கைபேசி பேருந்து நிலையத்தில் களவு போயிற்று. ஏழு மாதக் குறிப்பின் படங்கள், கரும்பலகைப் படங்கள், எல்லாம் அதோடு போயின. அன்றிரவு அவள் அழுதபோது எனக்கு என் அலுவலகம் நினைவுக்கு வந்தது. நான் பணியிற் சேர்ந்த காலத்தில் கார்பன் தாள் வைத்து மூன்று படி எழுதுவோம். ஒன்று பெறுவோர்க்கு, ஒன்று எங்கள் கோப்புக்கு, ஒன்று மேலலுவலகத்துக்கு. எங்கள் அறை தீப்பற்றினாலும் மேலலுவலகத்தில் ஒன்று இருக்கும். கணினியில் வல்லோர் சொல்லும் விதியும் இதுவே: மூன்று படி, இருவகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறிடத்தில். கருவியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. கார்பன் தாளை அறிந்த நான் இதை முன்பே மகளுக்குச் சொல்லியிருக்கவேண்டும், சொல்லத் தவறினேன். தோழியர் தம் குறிப்புகளைத் தந்து உதவியதால் அவள் தேர்வில் தேறினாள். தோழியரைப் போன்ற சேமிப்பு வேறில்லை!

நினைவுக்கு உதவும் ஒரு மென்பொருளையும் சொல்லவேண்டும். அதன் பெயர் ‘அங்கி’. வெள்ளை அங்கியோடு இந்த அங்கியையும் அணிந்துகொள் என்று மகளிடம் வேடிக்கையாகச் சொல்வேன். சப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். படித்ததை மனிதர் எவ்வளவு விரைவில் மறக்கின்றனர் என்பதை 1885-இலேயே எபிங்ஹவுஸ் என்னும் செருமானிய அறிஞர் ஆராய்ந்து எழுதினார். மறக்கும் தறுவாயில் மீண்டும் கேட்டால் மனத்தில் ஊன்றும். இந்த மென்பொருள் அவ்வாறே கேள்வி அட்டைகளை இடைவெளி விட்டு விட்டுக் கேட்கிறது. கணினியிலும் ஆண்டிராய்டு கைபேசியிலும் காசில்லாமல் கிடைக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேட ‘பப்மெட்’ இருக்கிறது, அதுவும் இலவசம். பணம் கட்டும் செயலிகளை முதலாண்டிலேயே வாங்கவேண்டா. திருட்டுப் படியாக வரும் பாட நூல்களையும் நாடவேண்டா; பிறர் உழைப்பைத் திருடுவது ஒரு குற்றம், பழைய பதிப்பை நம்பி மருந்தின் அளவைத் தவறாகக் கற்பது மற்றொரு குற்றம். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் செயற்கை அறிவும் இப்போது வந்துவிட்டது. அது தெரியாததையும் தெரிந்ததுபோல் தயக்கமின்றிச் சொல்லும். அதன் விடையைப் பாட நூலோடு ஒத்துப் பார்க்காமல் எழுதுவது, கணக்கைச் சரிபார்க்காமல் கையெழுத்திடும் எழுத்தரின் செயலை ஒக்கும்.

பட்டியலில் இல்லாத ஒரு கருவி நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதுதான் மொழி. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர், பின்னர்த் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் ஆகியவை பற்றித் தமிழில் நூல்களும் வெளியிட்டார். ஊரார் நோயை ஊரார் மொழியில் கேட்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்றைய தொடக்கப் பயிற்சியிலும் வட்டார மொழி ஒரு பகுதி. வெளியூரிலிருந்து வரும் மாணவர் தெலுங்கைப் புதிதாகக் கற்கின்றனர். நம் பிள்ளைகளோ வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள். மலைக்கு வந்து மயங்கி விழும் மதுரைப் பாட்டியிடமும், சத்தியவேட்டு உழவரிடமும் “எங்கே வலிக்கிறது?” என்று அவரவர் மொழியிலேயே கேட்கவல்லார். இந்தக் கருவிக்குத் தவணையில்லை. வீட்டில் தமிழை விட்டுவிடாமல் இருந்தாற் போதும்.

இப்போது, சொல்வதற்குக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

திருத்தணியில் என் தமக்கையார் வாழ்கிறார். சென்ற ஆண்டு ஒரு பரிசோதனைத் தாளை என் மகளிடம் தந்து, “இதில் என்ன எழுதியிருக்கிறது, பார் கண்ணு” என்றார். முதலாண்டு மாணவிக்கு அதன் முழுப்பொருள் தெரியவில்லை. அத்தைக்கு உதவவேண்டும் என்ற ஆர்வத்தில் தாளைக் கைபேசியில் படம் எடுத்தாள்; தன் வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் இட்டு விளக்கம் கேட்டாள். தாளின் தலைப்பில் பெயர், வயது, ஊர் எல்லாம் இருந்தன. அதை அவள் கருதவில்லை. விளக்கம் ஐந்து நிமிடத்தில் வந்தது. செய்தி ஐந்து நாளில் திருத்தணிக்குப் போய்ச் சேர்ந்தது. குழுவிலிருந்த ஒருவர்க்கு அங்கே உறவினர் இருந்தனர். அந்த நேரம் என் தமக்கையாரின் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு நின்றது. மீண்டும் எழவே இல்லை.

என்ன நோய் என்று கேட்காதீர்கள், நான் சொல்லமாட்டேன். அது குணமாகக்கூடிய நோய், குணமும் ஆயிற்று. ஆனால் தம் மக்களிடம்கூடத் தாமே நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று அவர் வைத்திருந்ததை ஊர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. நானும் மகளும் திருத்தணிக்குப் போனோம். தமக்கையார் எங்களைத் திட்டவில்லை. சோறு போட்டார். போட்டுவிட்டு, “உன்னை டாக்டர் என்று நினைத்துத்தானே கொடுத்தேன்” என்றார். அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு அவள் விடை சொல்ல முடியவில்லை. இரயிலில் திரும்பும் வழியெல்லாம் பேசவும் இல்லை.

நோயாளியின் மறைச்செய்தியைக் காப்பது மருத்துவர் கடமை என்று 2002-இல் வந்த மருத்துவர் நெறிமுறை விதிகள் சொல்கின்றன. தனியார் தகவலைக் காக்க 2023-இல் சட்டமும் வந்துவிட்டது. என் மகள் அவற்றைச் சட்டநூலில் கற்கவில்லை. அத்தை வீட்டுத் திண்ணையில் கற்றாள். அன்று முதல் அவள் தனக்கு விதித்துக்கொண்ட விதிகள் நான்கு. நோயாளியையோ நோயாளியின் தாளையோ தன் கைபேசியில் படம் எடுப்பதில்லை. ஐயம் கேட்பதானால் பெயரும் ஊரும் சொல்லாமல் ஆசிரியரிடம் நேரில் கேட்பது. செயற்கை அறிவுச் செயலியில் யாருடைய அடையாளத்தையும் எழுதுவதில்லை. கருவிகள் அனைத்துக்கும் பூட்டுச்சொல் வைத்து, அதை எவர்க்கும் சொல்வதில்லை, எனக்கும் சொல்வதில்லை. இந்த நான்கும் எண்பதாயிரம் ரூபாய்க் கருவியோடு வரவில்லை.

எட்டு மாதம் கழித்துத் தமக்கையார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து புதிய பரிசோதனைத் தாள் ஒன்றை எடுத்தார். தலைப்பைப் பின்புறமாக மடித்து, பெயர் தெரியாதபடி விரலால் அழுத்தி நீவினார். பின்னர் அதை என் மகளிடம் நீட்டினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை. மடித்துக் கொடுத்தார். மகள் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். மடிப்பை அவள் பிரிக்கவில்லை. இதை இங்கே சொல்லலாமா என்று தமக்கையாரிடம் கேட்டேன். “சொல்லு தம்பி, நாலு பிள்ளைகள் கேட்டால் நாலு வீடு பிழைக்கும்” என்றார். அவர் இசைவோடுதான் சொன்னேன்.

லேனக்கின் காகிதக் குழலை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அவர் காகிதத்தைச் சுருட்டியது ஒரு பெண்ணின் நாணத்தைக் காக்க. என் தமக்கையார் காகிதத்தை மடித்தது தம் மானத்தைக் காக்க. மருத்துவர் கையில் வரும் எந்தக் கருவிக்கும் இதுவே முதற்கடமை என்று எனக்குப் படுகிறது.

பெற்றோர்களே, பட்டியலைக் கண்டு அஞ்சாதீர்கள். கடன் வாங்குமுன் இரண்டு மாதம் பொறுங்கள். சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் நூலகத்தில் ஓர் அலமாரியை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். படித்து முடித்த நூல், பழைய ஸ்டெதாஸ்கோப், பயன்படாத கணினி ஆகியவை அங்கே சேரட்டும். அடுத்த பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். முதற்பொருளாக, உறையில் உறங்கும் அந்த டேப்பை இன்றே செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். மகளின் இசைவு உண்டு. அதிலிருந்த செய்திகளை அவளே முற்றும் அழித்துவிட்டாள். தவணை இன்னும் ஒன்பது மாதம் பாக்கி. அதை நான் கட்டிக்கொள்கிறேன்.